சீனத்து அடுப்பும் உழைப்பாளி வயிறும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

சீன தேசத்தில் பெரியவர்கள் ஒருவரையொருவர் வழியில் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி, "சாப்பிட்டாயிற்றா?" என்பதுதான். கேட்டவர் சோறு போட வேண்டியதில்லை; அது குசல விசாரிப்பு. இக்கால இளைஞர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. கிராமத்தாரும் வயதானவர்களும் இன்னும் கேட்கிறார்கள். நம் கிராமங்களிலும் இதே கேள்விதானே? பசியை அறிந்த ஜனங்களின் வாயில்தான் இந்தக் கேள்வி பிறக்கும். வேளை தவறாமல் தட்டு வந்து சேருகிற மாளிகையில் யாரும் யாரையும் இப்படி விசாரிப்பதில்லை.

சீனத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டீர்கள். நம் ஊர்க் கடைவீதியில் தள்ளுவண்டிக்காரர் பெரிய இரும்புச் சட்டியில் காலிபிளவரைப் புரட்டி, "கோபி மஞ்சூரியன்" என்று விற்கிறார். மஞ்சூரியாவுக்குப் போய் அதைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 1970களில் பம்பாயில் பிறந்த ஒரு பதார்த்தத்தின் வாரிசு அது. தள்ளுவண்டித் தோழரின் பிழைப்பைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் இன்று பேசப் போவது வேறு.

சீனம் ஒரே அடுப்பு அல்ல. நாட்டின் குறுக்கே சின்லிங் மலையும் ஹுவாய் ஆறும் கோடு கிழித்ததுபோல் கிடக்கின்றன. அதற்கு வடக்கே கோதுமை, தினை, சோளம், தெற்கே நெல். வடக்கத்தியான் மாவைப் பிசைகிறான், தெற்கத்தியான் சோறு வடிக்கிறான். புத்தகங்கள் எட்டுப் பெரிய சமையல் மரபுகள் என்று பிரித்துச் சொல்லும். அந்த எட்டையும் வரிசையாக ஒப்பிக்க நாம் போவதில்லை; அது பெரிய ஓட்டல்காரர்களின் கணக்கு. நம்முடைய கேள்வி வேறு. இந்தப் பதார்த்தத்தை முதன்முதலில் கிண்டிய கை யாருடையது? அந்தக் கையில் அன்று என்ன இல்லாமல் போயிற்று? பேர் பெற்ற பல சீன உணவுகளின் பிறப்பைத் துருவிப் பார்த்தால், "இல்லை" என்ற ஒரு சொல்தான் அடியில் கிடக்கிறது.

முதலில் உப்பு இல்லாத கதையைச் சொல்லுவோம்.

தென்மேற்கே குய்சோ என்று ஒரு மாகாணம். எங்கு பார்த்தாலும் மலை. கடல் கிடையாது, உப்பு விளைவதில்லை. பக்கத்துச் சிச்சுவான் மாகாணத்திலிருந்து உப்பு வர வேண்டும். ஆற்றில் படகு போகும் மட்டும் படகில் வரும். அதற்கு மேல் மனித முதுகில் ஏறி வரும். உப்புச் சுமை தூக்குகிறவர்கள் செங்குத்தான மலைப்பாதையில் சுமையை இறக்கி வைக்க இடமின்றி, கையிலிருக்கும் கோலைச் சுமைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். அரசாங்கத்தின் வரி, வியாபாரியின் லாபம், வழிநெடுகச் சுங்கம் எல்லாம் அந்த உப்பின் மேல் ஏறி உட்காரும். மலைக்குடிசைக்கு வந்து சேரும்போது உப்பு என்ன விலை விற்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1930ல் வேதாரண்யம் கடற்கரையில் உப்பு அள்ளிய நாட்டில் பிறந்தவர்களுக்கு உப்பு வரியின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

உப்பு வாங்க முடியாதவன் கஞ்சியை எப்படிக் குடிப்பான்? அங்கேதான் மிளகாய் வந்து சேர்ந்தது.

மிளகாய் சீனத்துச் செடி அல்ல, நம்முடையதும் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி உலகத்தைச் சுற்றி வந்தது. நாம் அதற்கு மிளகின் பெயரைச் சார்த்தி மிளகாய் என்றோம். சிச்சுவான்காரன் "கடல் மிளகு" என்றான்; கடல் கடந்து வந்ததல்லவா! சீனத்தில் அதைப் பற்றி முதலில் எழுதி வைத்தவர் ஹாங்சோ நகரத்துக் காவ் லியென் என்பவர். ஆண்டு 1591. அவர் அதைப் பூச்செடிகளோடு சேர்த்து எழுதினார். வெள்ளைப் பூ, சிவந்த காய், பார்க்க அழகு என்றார். சீமான் வீட்டுத் தோட்டத்தில் மிளகாய் அலங்காரமாக நின்றது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குய்சோவிலுள்ள ஒரு பிரதேசத்தின் விவரக் குறிப்பு, இங்கே மலைவாசிகள் உப்புக்குப் பதிலாக மிளகாயைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்கிறது. சீமான் பார்த்து ரசித்ததை ஏழை சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டான். அங்கிருந்துதான் சுற்றுப்பட்ட ஹுனான், சிச்சுவான் பகுதிகளுக்கெல்லாம் காரம் பரவியது. அதே குய்சோவில் மியாவ் இன மக்கள் அரிசிக் கழுநீரையும் காய்களையும் புளிக்க வைத்துப் புளிப்புக் குழம்பு செய்து, அதில் மீனைப் போட்டு வேக வைக்கிறார்கள். புளிப்பும் உப்புக்கு ஈடு கட்ட வந்ததுதான். இன்று பெய்ஜிங் நகரத்து ஓட்டலில் அந்தப் புளிப்பு மீன் விலை உயர்ந்த பண்டம்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

சிச்சுவானில் சிகோங் என்று ஒரு ஊர். கடற்கரையிலிருந்து வெகு தூரம். பூமிக்கு அடியில் உப்புநீர் கிடக்கிறது. அதை எடுக்கச் சீனத் தொழிலாளர்கள் ஒரு கை அகலத்துக்குச் சிறிய துளைகளாகப் பாறையைக் குடைந்துகொண்டே போனார்கள். எப்படித் தெரியுமா? ஒரு பெரிய மரத்துலா. அதன் ஒரு முனையில் இரும்பு உளி தொங்கும். ஆட்கள் நம் ஏற்றமரத்தில் ஏறி இறங்குவதுபோல மறுமுனையில் மிதித்தால் உளி உயரும். இறங்கினால் உளி விழுந்து பாறையைக் கொத்தும். இப்படி இரவும் பகலும், ஆண்டுக் கணக்காக. 1835ல் அங்கே ஷென்ஹாய் என்ற கிணறு 1,001 மீட்டர் ஆழத்தை எட்டியது. நீராவி இயந்திரம் இல்லை, மின்சாரம் இல்லை. மூங்கிலும் இரும்பும் மனிதக் காலும்தான். அக்காலத்தில் உலகத்தில் அவ்வளவு ஆழத்துக்கு எவரும் துளை போட்டதில்லை. கிணற்றிலிருந்து எரிவாயுவும் வந்தது. அதையே மூங்கில் குழாயில் கொண்டுபோய் அடுப்பெரித்து உப்புக் காய்ச்சினார்கள்.

உப்புநீரை இறைக்கப் பெரிய சக்கரம். அதைச் சுற்ற மாடும் எருமையும். மாடு உழைத்து ஓய்ந்து விழுந்தால் முதலாளி அதைக் கழித்து விடுவான். அந்த இறைச்சிதான் தொழிலாளிக்குக் கிடைத்தது. கிழட்டு மாட்டின் கடின மாமிசம். அதை மெல்லிசாக அரிந்து, கொதிக்கும் நீரில் உப்பும் நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும் போட்டு வேக வைத்தார்கள். "நீரில் வெந்த மாட்டிறைச்சி" என்று இன்று சீனம் முழுவதும் புகழ் பெற்ற பதார்த்தம் அந்த உப்புக் கொட்டகையில் பிறந்தது என்றே சொல்கிறார்கள். இப்போது அதன் மேல் மிளகாய் எண்ணெய் மிதக்கிறது. அன்று அந்த எண்ணெய்க்குத் தொழிலாளியிடம் காசேது?

உப்புக் காய்ச்சும் சட்டியில் சோயாப் பயறுப் பாலை ஊற்றுவார்கள். அழுக்கெல்லாம் அதோடு திரண்டு மேலே வரும், வழித்து எறிவார்கள். உப்பு வெள்ளையாக இறங்கும். உப்பு எடுத்த பிறகு சட்டியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். அதைச் சோயாப் பாலில் விட்டால் பால் திரிந்து கட்டியாகும், அதுதான் தோஃபு. இறைச்சிக்கு வக்கில்லாதவனின் இறைச்சி. பால் உப்புக்கு உதவிற்று, உப்பு பாலுக்கு உதவிற்று. ஆனால் அந்தக் கசப்பு நீரைத் தனியே குடித்தால் விஷம். அதை நினைவில் வைத்திருங்கள். பிற்பாடு ஓரிடத்தில் அதைப் பார்க்கப் போகிறோம்.

இனி ஆற்றுக்கு வருவோம். யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடுமிடத்தில் சோங்சிங் நகரம். நீராவிக் கப்பல் வரும் முன்பு, பாரம் ஏற்றிய படகுகளை எதிர்நீரோட்டத்தில் மனிதர்களே இழுத்தார்கள். மூங்கில் நாரால் முறுக்கிய வடத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாறைக் கரையில் நாலு காலாகத் தவழ்ந்து இழுப்பார்கள். துணி நனைந்து உடம்பை அறுக்கும் என்று பலர் ஆடையின்றியே இழுத்தார்கள். முன்னே ஒருவன் குரல் கொடுக்க, பின்னே எல்லோரும் ஏலம் போடுவார்கள். அந்த ஏலப் பாட்டுகளைச் சீன அரசு 2006ல் தேசிய மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. பாட்டு செல்வமாயிற்று, பாடியவன் செல்வனாகவில்லை, அது வேறு விஷயம்.

இந்த இழுவைக்காரர்களும் துறைமுகச் சுமைக்காரர்களும் என்ன சாப்பிட்டார்கள்? ஊரில் மாடு அறுத்தால் நல்ல இறைச்சி பணக்காரன் வீட்டுக்குப் போகும். குடல், இரைப்பை, ரத்தம் — நம் ஊரில் போட்டி என்கிறோமே — அதெல்லாம் ஆற்றங்கரைக்கு வரும். தெருவோர வியாபாரி அதைக் கழுவித் துண்டு போட்டு, காவடியின் ஒரு பக்கம் மண் அடுப்பும் மறுபக்கம் பண்டமுமாகத் தூக்கி வருவான். அடுப்பின் மேல் ஒரு தகரச் சட்டி. அதில் மாட்டுக் கொழுப்பு, மிளகாய், சிச்சுவான் மிளகு எல்லாம் கொதிக்கும். சட்டிக்குள் கட்டம் கட்டமாகத் தடுப்பு இருக்கும். ஒருவனுக்கு ஒரு கட்டம். முன்பின் தெரியாத நாலைந்து பேர் ஒரே சட்டியைச் சுற்றி நின்று, அவரவர் கட்டத்தில் அவரவர் துண்டைத் தோய்த்துத் தின்பார்கள். எத்தனை துண்டோ அத்தனைக்குக் காசு. முழுக் கிண்ணம் வாங்கக் கையில் பணம் இல்லாத கூலிக்காரனுக்கு ஏற்ற கணக்கு! காரம் ஆற்றுக் குளிரை விரட்டும். கெட்ட வாடையையும் மறைக்கும். சிச்சுவான் எழுத்தாளர் லீ ஜியேரென் 1940களில் இந்தச் சட்டியின் பிறப்பை எழுதியபோது, ஆற்றுக்கு அந்தக் கரையில் பாடுபட்டவர்களிடமிருந்துதான் அது தொடங்கியது என்று பதிந்து வைத்தார்.

1937ல் ஜப்பானியப் படையெடுப்பினால் அரசாங்கமே சோங்சிங்குக்குக் குடிபெயர்ந்தது. கூடவே அதிகாரிகளும் வியாபாரிகளும் வந்தார்கள். கரையோரச் சட்டி மெல்லப் படியேறிப் பெரிய தெருவுக்குப் போயிற்று. இன்று அந்நகரில் "ஹாட்பாட்" என்ற பெயரில் தெருவுக்குத் தெரு கடை. பல கடைகளில் ஒன்பது கட்டத் தடுப்பை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பம் சுற்றி உட்கார்ந்து ஒன்பது கட்டத்திலும் தோய்க்கிறது. அந்தத் தடுப்பு எதற்கு வந்தது என்று எத்தனை பேர் கேட்கிறார்களோ!

இன்னொரு பெண்மணியின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சிச்சுவானின் தலைநகரம் செங்டு. நகரின் வடக்கே வான்ஃபூ பாலத்தருகில் 1862 வாக்கில் சென் என்ற குடும்பத்தின் சிறிய சோற்றுக்கடை. அவ்வழியே எண்ணெய் சுமந்து போகும் கூலிகள் அங்கே இளைப்பாறுவார்கள். பக்கத்தில் தோஃபுவும் கொஞ்சம் மாட்டிறைச்சியும் வாங்கி, தங்கள் எண்ணெய்க் கூடையிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்து, "அம்மா, இதைச் சமைத்துக் கொடு" என்பார்கள். எண்ணெய் முதலாளியுடையது, ஒரு கரண்டி குறைந்தது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ, நாம் விசாரிக்க வேண்டியதில்லை! அந்தம்மாள் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு காரசாரமாகச் செய்து கொடுத்தாள். பதார்த்தம் பிரசித்தமாயிற்று. இன்று உலகெங்கும் "மாபோ தோஃபு" என்று விற்கிறார்கள். "மா" என்றால் அம்மைத் தழும்பு; "போ" என்றால் கிழவி. அம்மைத் தழும்புக் கிழவியின் தோஃபு! ஊராரின் நாக்கைக் குளிர வைத்த ஒருத்திக்கு உலகம் கொடுத்த பெயர் முகத்துத் தழும்பு. அவள் பிறந்த பெயர் பலகையில் ஏறவில்லை.

விவசாயத் தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காக வடக்கே போவோம்.

வட சீனத்து ஏழைக் குடியானவன் கோதுமையை விளைவித்தான். தின்றது என்னவோ சோளம், தினை, மக்காச்சோளம். மக்காச்சோள மாவைக் கூம்பு மாதிரி பிடித்து, அடியில் பள்ளம் வைத்து ஆவியில் வேக வைப்பார்கள். தொண்டையில் அடைக்கும் பண்டம். வெள்ளை மாவு வருஷத்துக்கு ஒருமுறை, புத்தாண்டுக்கு. அன்றிரவு குடும்பம் முழுதும் உட்கார்ந்து வெள்ளை மாவைத் திரட்டி, நடுவில் முட்டைக்கோசும் கொஞ்சம் இறைச்சியும் வைத்து, நம் கொழுக்கட்டை, சோமாசிபோல ஓரத்தை அழுத்தி மூடி, கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். "ஜியாவ்ஸி" என்று பெயர். பழைய வெள்ளிக் கட்டியின் வடிவம். ஒன்றுக்குள் ஒரு காசை ஒளித்து வைப்பார்கள்; யார் பல்லில் அகப்படுகிறதோ அவருக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம். தெற்கே நெல் நாட்டில் பச்சரிசி மாவில் பிசுபிசுப்பான "நியென்காவ்" செய்வார்கள். வருஷா வருஷம் உயர்வு என்றும் அந்தச் சொல்லின் ஓசையைக் கேட்கலாம்.

புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பு அடுப்பங்கரைத் தெய்வத்துக்கு வழியனுப்பு. குடும்பத்தின் நல்லது கெட்டதைப் பார்த்திருந்து, வருஷக் கடைசியில் மேலோகத்து ராஜாவிடம் அறிக்கை கொடுக்கப் போகிற தெய்வம் அது. ஆகவே அதன் படத்தின் வாயில் ஒட்டும் மாவுச்சர்க்கரைப் பாகைத் தடவுவார்கள். வாய் இனித்தால் நல்லதைச் சொல்லும். ஒட்டிக்கொண்டால் பேசாமலே இருக்கும்! கிராமத்துக் கணக்கனைச் சரிக்கட்டிப் பழகிய ஜனங்களின் யுக்தி இது. இந்த வழியனுப்பிலும் தரம் உண்டு: அதிகாரிகள் 23ஆம் தேதி, குடிமக்கள் 24, படகில் வாழ்கிறவர்கள் 25 என்று ஒரு வழக்கு இருந்தது. தெய்வமும் பெரிய வீட்டுக்கே முதலில் போயிற்று.

ஆனால் ஏழைக்கு வருஷக் கடைசி என்றால் பலகாரம் அல்ல, கடன். பழைய கடனெல்லாம் புத்தாண்டுக்குள் தீர வேண்டும் என்பது வழக்கம். அதனால் அந்த நாட்களை ஏழைகள் "வருஷக் கணவாய்" என்றார்கள். ஆபத்தான மலைக் கணவாய் மாதிரி தாண்ட வேண்டிய இடம். புத்தாண்டு விடிந்துவிட்டால் வட்டிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது. ஆகவே கடன்பட்டவன் அன்றிரவு எங்கேயாவது ஒளிவான். தைவானில் சில கோயில்களின் முன்னே இரவு முழுதும் கூத்து நடக்கும். கூத்துப் பார்க்கிறவனிடம் கடன் கேட்கக் கூடாது என்று ஒரு மரியாதை. ஏழை கூட்டத்தோடு கூட்டமாக நின்று கூத்துப் பார்ப்பான். வட்டிக்காரன் மட்டும் சும்மாவா? பொழுது விடிந்த பிறகும் கையில் லாந்தரைக் கொளுத்திக்கொண்டு திரிவான். "இன்னும் இரவுதான், எடு காசை!" சூரியனுக்கே பொய் சொல்லும் வர்க்கம் தோழர்களே!

1945ல் யெனானில் அரங்கேறிய "வெள்ளைமுடிப் பெண்" என்ற இசை நாடகம் இந்த ஒரு ராத்திரியின் மேல்தான் நிற்கிறது. யாங் பைலாவ் ஒரு குத்தகைக் குடியானவன். தோஃபு விற்றுப் பிழைக்கிறவன். நிலப்பிரபுவுக்குப் பட்ட கடனுக்குப் பயந்து ஊரை விட்டு ஒளிந்திருந்தவன், புத்தாண்டு இரவில் பனியில் நனைந்து வீடு திரும்புகிறான். மகளுக்குச் சிவப்பு நாடா ஒன்று; ஜியாவ்ஸி செய்ய இரண்டு ஜின் வெள்ளை மாவு, ஏறக்குறைய ஒரு கிலோ. அவ்வளவுதான் அவன் கொண்டுவந்த சம்பத்து. அடுப்பு மூட்டு முன்பே ஆள் வந்து அழைத்துப்போய், கடனுக்கு ஈடாக மகளை எழுதி வாங்கிப் பெருவிரல் ரேகை வைக்கச் செய்கிறார்கள். விடியுமுன் அவன் குடித்தது என்ன? தோஃபு திரிக்கும் அந்தக் கசப்பு நீர். பிழைப்புக்கு வைத்திருந்ததே விஷமாயிற்று. 1950ல் இது படமாகவும் வந்தது. நாடகம் கற்பனைதான், ஆனால் பார்த்த குடியானவர்களுக்கு அந்த மாவுப் பொட்டலம் கற்பனையாகத் தெரிந்திருக்காது.

அந்த விருந்தில் மீனும் வேண்டும். மீன் என்ற சொல்லும் மிச்சம் என்ற சொல்லும் சீன மொழியில் ஒரே ஓசை. வருஷந்தோறும் மிச்சம் இருக்கட்டும் என்று மீனை முழுதும் தின்னாமல் மறுநாளைக்கு வைப்பார்கள். மீன் கிடைக்காத வறண்ட மலைப்பகுதிகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தில் மீன் செதுக்கி, தட்டில் வைத்து, மேலே குழம்பை ஊற்றினார்கள். விருந்து முடிந்ததும் கழுவி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

சீனத்துச் சோற்றைப் பற்றிப் பேசிவிட்டு, சோறில்லாத ஆண்டுகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. நிலப்பிரபுவின் காலத்துப் பஞ்சங்களை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நேர்மையாகாது. 1958ல் கிராமம்தோறும் பொதுச் சமையற்கூடங்கள் வந்தன. முதலில் வயிறார, கணக்கின்றிப் போட்டார்கள். பல இடங்களில் வீட்டுச் சட்டிகள் எஃகுக்காக உருக்கப்பட்டன. விளைச்சலை மேலே பொய்யாகப் பெருக்கி எழுதினார்கள். எழுதிய கணக்குக்குத் தானியத்தை எடுத்தார்கள். 1959 முதல் 1961 வரை பெரும் பஞ்சம். செத்தவர்கள் தொகையை ஆராய்ச்சியாளர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை பலவாறாகக் கணக்கிடுகிறார்கள். உப்பும் நெல்லும் நிறைந்த சிச்சுவான்தான் மிக மோசமாக அடிபட்ட மாகாணங்களில் ஒன்று. செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியானவர்கள், தானியத்தை விளைவித்தவர்கள். 1961ல் பொதுச் சமையற்கூடங்களைக் கலைத்தார்கள். நகரத்தில் 1955ல் வந்த தானியச் சீட்டு 1993 வரை இருந்தது. சீட்டு இல்லாமல் கையில் காசிருந்தாலும் ஒரு கிண்ணம் மாவுப் பண்டம் வாங்க முடியாது. அந்தத் தலைமுறையில் பலர் இன்றும் தட்டில் ஒரு பருக்கை விடமாட்டார்கள்.

கடைசியாக, ஆலைத் தோழர்களுக்கு ஷாங்காய்.

ஷாங்காய் பஞ்சாலை நகரம். அங்கே தொழிலாளி வீட்டுக் காலைச் சாப்பாடு என்ன? ராத்திரி மிஞ்சிய சோற்றில் வெந்நீரை ஊற்றி, ஊறுகாயோ உப்பில் புளித்த தோஃபுவோ தொட்டுக்கொண்டு குடிப்பது. "பாவ் ஃபான்" என்பார்கள். நம் பழையசோற்றின் உடன்பிறப்பு; நாம் குளிர்ந்த நீர் விடுகிறோம், அந்தக் குளிர் தேசத்தில் வெந்நீர் விடுகிறார்கள். விடியற்கால ஷிப்டுக்கு ஓடுகிறவள் அடுப்பு மூட்ட நேரமேது? முனைக்கு முனை வெந்நீர்க் கடை இருந்தது. "புலி அடுப்பு" என்று அதற்குப் பெயர். சல்லிக் காசுக்கு ஒரு பானை வெந்நீர்.

அந்தப் பாவ் ஃபானுக்கும் வக்கில்லாதவர்கள் இருந்தார்கள். 1936ல் எழுத்தாளர் ஷியா யென், ஜப்பானிய முதலாளிகளின் ஷாங்காய் ஆலைகளில் அடிமைப்பட்ட கிராமத்துச் சிறுமிகளைப் பற்றி எழுதினார். தாய் தகப்பன் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் தரகன் ஓட்டி வருவான். கூலி தரகனுக்கு. சிறுமிக்கு விடுதியில் இடமும் நாளைக்கு இரண்டு வேளை கஞ்சி, ஒரு வேளை சோறும். கஞ்சியில் மட்ட அரிசி, நொய், சட்டியில் தீய்ந்த காந்தல், அத்துடன் கிராமத்தில் பன்றிக்குப் போடும் தோஃபுச் சக்கை. மூன்று வருஷ ஒப்பந்தம், விடுதி, வெளியே போகத் தடை என்றதும் நம் கோவை, திண்டுக்கல் நூற்பாலைத் தோழிகள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. நாம் மேலே சொல்ல வேண்டியதில்லை.

1949க்குப் பிறகு ஆலைகள் அரசுக்கு வந்தன. நிரந்தர வேலை, ஆலைச் சாப்பாட்டுக் கூடம், ஓய்வூதியம். சீன மொழியில் வேலைக்கே "சோற்றுக் கிண்ணம்" என்றுதான் பேச்சு. வேலை போனால் கிண்ணம் உடைந்தது என்பார்கள். ஆகவே இந்த நிரந்தர வேலைக்கு "இரும்புச் சோற்றுக் கிண்ணம்" என்று பெயர் வந்தது. கீழே போட்டாலும் உடையாது. உடைந்தது. 1998 ஜனவரியில் ஷாங்காயில் பழைய நூற்பு மிஷின்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். மூன்று ஆண்டுகளில் 1 கோடி ஸ்பிண்டில்களை ஒழிப்பது, 12 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளரைக் குறைப்பது என்பது அரசின் திட்டம். நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலை கிடைக்காத பெண்களில் பலர் தெருவோரம் காலைப் பலகாரக் கடை போட்டார்கள்.

அந்தக் கடையில் விற்பவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காருகிறோம். சோயாப் பாலோடு தின்னும் நீளமான எண்ணெய்ப் பலகாரம்; "யூ தியாவ்". மலேசியா, சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்த தோழர்கள் அங்கும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாவுப் பட்டைகளைச் சேர்த்து அழுத்தி, கொதிக்கும் எண்ணெயில் போடுவார்கள். ஏன் இரண்டு? 1142ல் யுவே ஃபெய் என்ற தளபதி, அந்நியப் படையை எதிர்த்து நின்றவர், மந்திரி சின் ஹுவேயின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். மந்திரியை ஜனங்களால் என்ன செய்ய முடியும்? ஹாங்சோவில் ஒரு பலகாரக்காரன் மாவில் மந்திரியையும் அவன் மனைவியையும் பிடித்து, முதுகோடு முதுகு ஒட்டி, எண்ணெயில் போட்டானாம். ஊரே வாங்கித் தின்றது. கதையாகவே இருக்கட்டும். தென் சீனத்துப் பேச்சு வழக்கில் அதன் பெயர் இன்றும் "எண்ணெயில் பொரித்த பேய்". எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் காலையில் அந்த மந்திரியைப் பொரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் முன்னால் கேளுங்கள். சங்கு ஊத இன்னும் அரை மணி இருக்கிறது.